இரண்டு மாதத்துக்கு ஒருமுறை

கணையத்தை
ஏழாம் வகுப்பில் பச்சைக் கலரில் தீட்டியிருக்கிறேன்.
இரைப்பைக்குப் பின்னால்
நசுங்கிய வெண்டைக்காய் மாதிரி ஒன்று.
இரண்டு மதிப்பெண்.
அப்புறம் நாற்பத்தொரு வயதில்தான் அதைப் பார்க்கிறேன்,
கே.கே. நகரில், ஒரு டாக்டரின் திரையில்,
அப்பாவின் பெயருக்குக் கீழே.

சோலைமலை, ஆண், 67.

"கூட வந்தவங்க மட்டும் இருங்க" என்றார்.
அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே போனார்.
போகிற போக்கில்
திரைச்சீலைக்குப் பின்னால் வீணாய் எரிந்த விளக்கை
அணைத்துவிட்டுப் போனார்.
நர்ஸ் மறுபடி போட்டாள்.

ஆபரேஷன் முடியாது, ஈரலுக்குப் போய்விட்டது,
வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம்.
நான்கு மாதம்.
ஆறு என்றால் பெரிய விஷயம்.

மின்வாரியக் கணக்கீட்டாளர் வீட்டில் வளர்ந்தவளுக்கு
மாசக்கணக்கு வராது.
இரண்டு ரீடிங்.
மிஞ்சினால் மூன்று.

முப்பத்தொரு வருஷம்
செல்லூர், தத்தனேரி, மீனாம்பாள்புரம் என்று
தறிச் சத்தத்துக்குள் புகுந்து புறப்பட்டு
ஸ்டூல் கேட்டு, நாய்க்குப் பயந்து
வெள்ளை அட்டையில் எண் எழுதியவர்.
மயானத்துக்கும் மீட்டர் உண்டு,
அதையும் நான்தான் எடுத்தேன் என்பார்
சரியாகச் சோற்றில் கை வைக்கும்போது.
அம்மா இருந்தவரை கரண்டியை ணங்கென்று வைப்பாள்.
"அங்க மட்டுந்தான்டி எவனும்
ஏன் இம்புட்டு ஏறியிருக்குன்னு
சண்டைக்கு வரல."

ஆட்டோவில் கேட்டார், "என்னவாம்?"
"புண்ணுதாம்ப்பா. மாத்திரைல ஆறிருமாம்."
ஏ.வி. பாலம் வந்தது.
ஆற்றில் தண்ணீரைத் தவிர எல்லாம் இருந்தது.
அவர் அந்தப் பக்கம் பார்த்தார்.
நான் மீட்டரைப் பார்த்தேன், ஆட்டோ மீட்டரை,
ஓடாத அதை.
புண்ணுக்கா இருபது நிமிஷம் பேசினார் என்று
அவர் கேட்டிருக்கலாம்.
சிம்மக்கல் தாண்டும்வரை காத்திருந்தேன்.

ஷார்ஜாவிலிருந்து தம்பி.
"அப்பாட்ட சொல்லிராதக்கா, தாங்க மாட்டாரு."
சொல்லிவிட்டு அவன் தாங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ரீடிங் எடுக்க ஒரு பையன் வந்தான்,
கையில் மெஷின், காதில் ஹெட்செட்.
அப்பா எழுந்து போனார்.
எட்டுக் கிலோ குறைந்த வேட்டியை
ஒரு கையில் பிடித்துக்கொண்டு,
"எவ்வளவுப்பா?"
"நானூத்தித் தொண்ணூத்தி ரெண்டு சார்."
ஐந்நூறுக்குள் நிறுத்திவிட்ட பெருமை
மஞ்சள் பூத்த கண்ணில் ஒரு கணம் ஏறி இறங்கியது.
பையன் செருப்பை மாட்டும்போது சொன்னார்,
சத்தமாகக்கூட இல்லை:
"அடுத்த தடவைக்குக் கூடத்தான் வரும்.
ஆளுக வந்து போவாக."

அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்தது.
துடைத்தேன்.
துடைத்த இடத்தையே துடைத்தேன்.

இப்போதெல்லாம் அவர் அறையில்
விடிய விடிய விளக்கு எரிகிறது.
ஒரு சுவிட்சுக்காக எங்களை
பள்ளிக்கூட வாசலிலிருந்து திரும்பக் கூப்பிட்டவர்.
நான் எழுந்து போய் அணைப்பதில்லை.
ஐந்நூறு தாண்டட்டும்.
ஆயிரம் தாண்டட்டும்.

நேற்று ராத்திரி மூன்று மணி.
மார்ஃபின் சீட்டை மடியில் வைத்துக்கொண்டு
ஹாலில் உட்கார்ந்திருந்தேன்,
சத்தம் வராமல் அழுவது
இன்னும் சரியாகப் பழகவில்லை.
சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார்.
என்னைப் பார்த்தார்.
ஒன்றும் கேட்காமல்
ஹால் விளக்கை அணைத்தார்.

அணைத்துவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன்.
போகவில்லை.
பிளாஸ்டிக் நாற்காலி கிறீச்சிட்டது.
இருட்டு, அதில் அவர் மூச்சு,
வாசலில் மீட்டருக்குள்
விட்டு விட்டுச் சிமிட்டுகிற
சிவப்புப் புள்ளி.